சூரியனுக்குப் பக்கத்தில் நான் நிறுத்திய விண்கலம்

ஆதித்யா விண்கலத்தைக் கொண்டுபோய்ச் சூரியனுக்குப் பக்கத்தில் நிறுத்தியவன் நான்தான். விஞ்ஞானிகள் அதை அனுப்பியது 2023 செப்டம்பரில். பூமியிலிருந்து பதினைந்து லட்சம் கிலோமீட்டர் போய் நின்றுகொண்டு, அங்கிருந்து சூரியனைப் பார்ப்பது அதன் வேலை. சூரியன் இருப்பதோ பதினைந்து கோடி கிலோமீட்டர் தள்ளி. நான் எழுதிய போட்டித் தேர்வு வழிகாட்டியில் ‘சூரியனிலிருந்து 15 லட்சம் கி.மீ.’ என்று வந்துவிட்டது. அந்தத் தூரத்தில் நின்றால் விண்கலம் அப்பளம் மாதிரி பொரிந்து போயிருக்கும்.

‘நடப்பு நிகழ்வுகள் 2023’ என்ற அந்தப் புத்தகத்தில் அறிவியலும் விண்வெளியும் என் பொறுப்பு. அந்த வருடம் எழுதுகிறவனுக்குக் கொண்டாட்டமான வருடம். சந்திரயான் நிலவின் தென்துருவத்துக்குப் பக்கத்தில் இறங்கியது, ரஷ்யாவின் லூனா நிலவில் மோதி நொறுங்கியது, ஆதித்யா கிளம்பியது, ஒரு சிறுகோளில் அள்ளிய மண் அமெரிக்கப் பாலைவனத்தில் வந்து விழுந்தது. குஷியில் எழுதினேன். தேர்வுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, கோவையில் என் வீட்டில், மின்சாரம் போன ஒரு மத்தியானம் பொழுது போகாமல் என் புத்தகத்தையே புரட்டியபோது இந்த வரி கண்ணில் பட்டது. வேர்த்ததற்கு மின்விசிறி நின்றது மட்டும் காரணமில்லை.

பதிப்பாளருக்குப் போன் செய்தேன். “அடுத்த பதிப்புல பாத்துக்கலாங்க” என்றார். கிடங்கில் இருக்கிற பிரதிகளில் சீட்டு ஒட்டச் சொல்லிவிடுகிறாராம். வெளியே போனது ஒரே ஒரு கட்டுதான், கடலூரில் ஒரு கடைக்கு. “அதை யாருங்க தேடிப்போய் ஒட்டறது?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கேள்வியில் வேலை போகிற தேர்வு இது. திருத்தச் சீட்டுகளை நானே அச்சடித்து, இரண்டு பசைக் குச்சிகள் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். “இந்த வெயில்ல கடலூருக்கா? ஒரு வரிக்கா?” என்றாள் மனைவி. அவளுக்கு நியாயமாகப் பட்டதெல்லாம் எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. இருந்தாலும் கிளம்பினேன்.

புதன்கிழமை காலையில் கடலூரில் இறங்கினேன். காற்றில் ஈரம் பிசுபிசுத்தது. கோவைக்காரனுக்கு வெயில் தெரியும். வெயிலும் ஈரமும் சேர்ந்து வந்து கழுத்தைப் பிடிப்பது தெரியாது. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் காபி கேட்டேன். “காபி இல்ல சார், டீதான்” என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்றவருக்குக் காபி கொடுத்தார் கடைக்காரர். கேட்டதற்கு, “அவுரு டெய்லி வர்றவரு” என்றார். தண்ணீர் உப்புக் கரித்தது. சிறுவாணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன் இதை வெளியில் சொன்னால் அடிக்க வருவார்கள் என்பதால் சொல்லவில்லை.

புத்தகக் கடை திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சந்தில் இருந்தது. உரிமையாளர் பலராமன் என்னைப் பார்த்ததும் ஏதோ விற்க வந்தவன் என்று நினைத்து நாற்காலியைக் காட்டவில்லை. நான் இன்ன புத்தகத்தை எழுதியவன், அதில் ஒரு தப்பு, சீட்டு ஒட்ட வந்திருக்கிறேன் என்று விளக்கினேன். அவர், “எழுதினவரு நேர்ல வந்து ஒட்டறதா? பப்ளிசரு ஆள் அனுப்ப மாட்டாரா?” என்றார். பிறகு மேஜை விசிறியைத் தூக்கித் தரையில் வைத்தார். அந்த விசிறிக்குக் கீழே மேடையாக இருந்தது என் புத்தகக் கட்டு. கயிறுகூட அவிழ்க்கவில்லை.

“ஒண்ணுகூட போவலையா?” என்றேன்.

“எங்க சார் போவுது. மேல ஒரு சாம்பிள் காப்பி தனியா வெச்சி அனுப்பினாங்க. அது ஒண்ணுதான் போச்சி. சிதம்பரத்துல ஒரு ஜெராக்ஸ் கடைக்காரரு வாங்கிக்கினு போனாரு.”

என் தப்பை யாரும் படிக்கவில்லை என்று சந்தோஷப்பட வேண்டியவன், என் புத்தகத்தை யாருமே வாங்கவில்லையே என்று புண்பட்டு நின்றேன். கட்டை அவிழ்த்து ஒவ்வொரு பிரதியிலும் சீட்டு ஒட்டினேன். பாதியில் பசை அந்த வெக்கையில் உருகி விரலெல்லாம் பிசின். பலராமன் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார், அதுமட்டும் நன்றாக இருந்தது. முடித்ததும் அவர் கட்டைத் திரும்பக் கட்டி, பழைய இடத்தில் வைத்து, மேலே விசிறியை ஏற்றினார்.

மாலையில் பழைய நகரத்துப் பக்கம் ஒரு மெஸ்ஸில் சங்கரா மீன் குழம்பு சாப்பிட்டேன். அதைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை என்பதே எரிச்சலாக இருந்தது. மூன்று முறை சோறு வாங்கினேன். பரிமாறிய அம்மா, “ஊருல சாப்பாடே போட மாட்டாங்களா உங்களுக்கு?” என்று கேட்டார். எங்கள் ஊரில் இப்படிப் பேசினால் பின்னால் ஒரு ‘ங்க’ சேர்த்து வலியைக் குறைப்பார்கள்.

விற்றுப்போன அந்த ஒரு பிரதியைத் தேடி வியாழக்கிழமை சிதம்பரம் கிளம்பினேன். நேராகப் போகிற பேருந்துகள் அரை மணிக்கு ஒன்று. நான் ஏறியது நேராகப் போகாதது. “சிதம்பரம் போவுமா?” என்று கேட்டேன், “போவும்” என்றார் நடத்துநர். வடலூர் சுற்றிக்கொண்டு போகும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நால்வழிச் சாலைக்குத் தோண்டிய மண்ணெல்லாம் என் சட்டையில் இறங்கிய பிறகுதான் வண்டி வேறு திசையில் போவது உறைத்தது. சத்தம் போட்டேன். “சிதம்பரம் போவும்னுதான சார் சொன்னேன், சீக்கிரம் போவும்னா சொன்னேன்?” என்றார்.

வடலூரில் வண்டி மூச்சை நிறுத்தியது. என்ன கோளாறு என்று ஓட்டுநர் கீழே குனிந்து பார்த்தார், நடத்துநரும் குனிந்து பார்த்தார், இறங்கியவர்களில் எட்டுப் பேர் குனிந்து பார்த்தார்கள். அடுத்த வண்டி வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். பசி. பக்கத்தில் நின்றவர், “தருமச்சாலையில போய் சாப்டு வாங்க சார், யாருன்னு கேக்க மாட்டாங்க” என்றார். போனேன். உண்மையிலேயே கேட்கவில்லை. சோறு, சாம்பார், ஒரு பொரியல். இரண்டு நாளில் யாரும் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்காத இடம் அது ஒன்றுதான். அங்கேயே உட்கார்ந்துவிடலாமா என்று இருந்தது.

அடுத்த வண்டியில் எனக்குப் பக்கத்து இருக்கையில் காடாம்புலியூர் பெண் ஒருத்தி உட்கார்ந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை போலிருக்கிறது, விரல் நுனிகளெல்லாம் பால் பட்டுக் கறுத்திருந்தன. மடியில் பலாச்சுளைப் பை. அந்த மணத்தில் வண்டியே மயங்கிக் கிடந்தது. காதில் மாட்ட எதுவும் இல்லாததால் கைபேசியைக் காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டு வந்தாள். அவளுக்கு மட்டுமல்ல, நான்கு இருக்கைகளுக்குக் கேட்டது. ஒரு பெண்ணின் குரல், பின்னணியில் டக்டக்கென்று ஏதோ ஓடும் சத்தம்.

“ஆதித்யா எவ்ளோ தூரம்? பதினஞ்சு லட்சம். எங்கேர்ந்து பதினஞ்சு லட்சம்? சூரியன்லேர்ந்து. மறுபடியும் சொல்லுங்க, எங்கேர்ந்து? சூரியன்லேர்ந்து.”

அவள் பக்கம் திரும்பினேன்.

“இது யாரும்மா பேசறது?”

“ஸ்டெல்லாக்கா வாய்ஸு சார். கிள்ளையில இருக்காங்க. புக்க படிச்சி, கேள்வி பதிலா வாய்ஸ் போடுவாங்க. நாங்க வேல செய்யறப்போ கேட்டுக்குவோம். எங்க புக்கு படிக்க நேரம்?”

“எத்தனை பேர் கேக்கறீங்க?”

“எங்க குரூப்புல நெறைய பேர் சார். அவுங்க வேற குரூப்புக்கு அனுப்புவாங்க. சத்தம் வருது பாருங்க, அது அவுங்க தையல் மெஷினு.”

அந்த வரி தப்பு என்று சொன்னேன். பூமியிலிருந்து என்று இருக்க வேண்டும் என்றேன். அந்தப் புத்தகத்தை எழுதியதே நான்தான் என்றும் சொன்னேன். அவள் என் சட்டைத் தூசியையும் பிசின் விரல்களையும் பார்த்தாள். “பரவால்ல சார்” என்று சொல்லிவிட்டுக் குரலை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள். சிதம்பரம் வரும்வரை என் தப்பை நான் ஆறு முறை கேட்டேன்.

சிதம்பரத்தில் ரத வீதிப் பக்கம் ஒரு விடுதி. மேலாளர் எந்தப் பூஜைக்கு வந்தேன் என்று கேட்டார். பூஜைக்கு இல்லை, விண்வெளிப் புத்தக விஷயமாக என்றேன். “ஆகாயத்தையே சாமியா வெச்சிருக்கற ஊருக்கு அதுக்குன்னு தனியா வரணுமா சார்?” என்று சிரித்து, தரிசன நேரத்தை ஒரு தாளில் எழுதிக் கையில் திணித்தார். நான் போகவில்லை. போயிருக்கலாம், அந்த நேரத்தில் யாரிடமாவது முறையிட வேண்டியிருந்தது.

ஜெராக்ஸ் கடைக்காரர் பெயர் குமார். கடையில் ஐந்து இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. சுவர் முழுக்க சுருள் கம்பி போட்ட புத்தகங்கள். என் புத்தகம் நடு வரிசையில் இருந்தது. அட்டை இல்லை, வெறும் நீலத் தாள். என் பெயர் இல்லை. எடுத்துப் புரட்டினேன். முன்னுரையும் இல்லை.

“முன்னுரை எங்கீங்க?”

“அது எட்டு பக்கம் சார். எவன் படிக்கறான்? பேஜு ஜாஸ்தியாவுது, காசும் ஜாஸ்தியாவுது. எடுத்துட்டேன்.” பிறகு பெருமையோடு சொன்னார்: “எழுத்து வேற பொடிசா இருந்துச்சி. நான் பெருசு பண்ணிக் குடுத்திருக்கேன், பாருங்க. நல்லா போவுது.”

நான் யாரென்று சொன்னேன். வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். எழுந்து கை கொடுத்தார். “சூப்பர் புக்கு சார்!” என்றவர், பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு, “மச்சான், இங்க வாயேன், நம்ம புக்க எழுதின சார் வந்திருக்காரு” என்றார். நம்ம புக்காம். கோபத்தில் புத்தகத்தை மேஜைமேல் போட்டு, அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன்.

தப்பைச் சொன்னதும் குமார் யோசித்தார். “கடையில இருக்கறதுல ஒட்டிடலாம் சார், மாஸ்டர் காப்பியையும் மாத்திடறேன். போனதுக்கு என்ன பண்றது? போனதுல பாதி காப்பி எடுத்த காப்பி. அத விடுங்க, அந்த கிள்ளை பொண்ணு வாய்ஸ் போட்டிச்சின்னா போதும். புக்கு இல்லாதவனெல்லாம் அத வெச்சிதான் ஓட்டறான்.” கைபேசி எண்ணைக் கொடுத்தார். கூப்பிட்டேன், எடுக்கவில்லை. தெருவைச் சொன்னார், மாதா கோயிலுக்குப் பின்னால்.

அன்று மாலை இட்லியோடு கத்திரிக்காய் கொத்சு வந்தது. இந்த ஊருக்குப் பேர்போன பண்டம் என்று சர்வர் எனக்கு வகுப்பெடுத்தார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாள் காலை பொங்கலுக்கும் கொத்சு, தோசைக்கும் கொத்சு. சட்னி கேட்டதற்கு, “கொத்சு இருக்குதே சார்” என்று அதையே இன்னும் ஒரு கரண்டி ஊற்றினார்.

வெள்ளிக்கிழமை காலை கிள்ளைக்கு ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் நேராகப் பிச்சாவரம் படகுத் துறைக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். “கிள்ளைன்னு சொன்னேனே” என்றேன். “கிள்ளைன்னு சொல்ற வெளியூர்க்காரங்க எல்லாரும் இங்கதான் சார் வருவாங்க. போட்டு ஏறலையா? நல்லாருக்கும்” என்றார். உப்பங்கழியையும் சுரபுன்னைக் காட்டையும் தூரத்தில் பார்த்தபடி அவரோடு சண்டை போட்டேன். மாலை ரயிலுக்கு நான் திரும்ப வேண்டும், ஞாயிற்றுக்கிழமை தேர்வு, இவருக்குப் படகு.

ஸ்டெல்லா வீட்டு வாசலிலேயே தையல் இயந்திரம் இருந்தது. முப்பத்தைந்து வயதுக்காரர். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு ஒரு ரவிக்கைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தார். தைக்கும்போது வாய்ஸ் போடுவதோடு சரி, அழைப்பு எதையும் எடுப்பதில்லையாம். நான் யாரென்று சொன்னதும் ஊசிகளை எடுத்துத் துணியில் குத்திவிட்டு எழுந்தார். உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார். திருத்தச் சீட்டை நீட்டினேன். சத்தமாகப் படித்தார்: “அச்சுப் பிழை காரணமாக, சூரியனிலிருந்து என்று வந்துவிட்டது. பூமியிலிருந்து என்று திருத்திப் படிக்கவும்.” நிமிர்ந்து பார்த்தார்.

“அச்சுப் பிழையா சார்?”

மூன்று நாளாக ஊரையெல்லாம் திட்டிக்கொண்டு வந்தவன், நீட்டிய சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். “இல்லம்மா. நான்தான் தப்பா எழுதிட்டேன்” என்றேன்.

“எனக்கு அப்பவே சந்தேகம் சார். அவ்ளோ கிட்ட போனா எரிஞ்சிடாதான்னு நெனச்சேன்.” உள்ளே போய்த் தன் நீலத் தாள் பிரதியை எடுத்து வந்தார். அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி. “சந்தேகம் வர்ற எடத்துல புள்ளி வெச்சிட்டுப் போயிடுவேன்.”

“சந்தேகம் வந்தும் ஏம்மா அதையே சொன்னீங்க?”

“புக்குல போட்டிருக்குதே சார். நான் யாரு மாத்தறதுக்கு?” என்றார். எரிச்சலோடு பேசவில்லை, அதுதான் எனக்கு வலித்தது. “போன தடவையும் இப்பிடித்தான். வேற ஒரு புக்கு. எனக்குத் தோணினது ஒண்ணு, புக்குல இருந்தது ஒண்ணு. புக்குல இருந்தத போட்டேன். எனக்குத் தோணினதுதான் சரி. ஒரே ஒரு கேள்வியில போச்சி. இந்த தடவையும் கெடைக்கலன்னா திருப்பூர் போயிடலாம்னு வீட்டுக்காரரு சொல்லிட்டாரு. அவுரு அங்கதான் பனியன் கம்பெனியில இருக்காரு. எனக்கும் தைக்கற வேல இருக்குதாம். புள்ளைக்கு ஸ்கூல் கூட பாத்து வெச்சிட்டாரு. தப்பு சொல்ல முடியாது சார், நாலு வருசமா ஒண்டியா இருக்காரு.” ரவிக்கையை மடித்து வைத்துக்கொண்டே, “ஞாயித்துக்கிழம எழுதறதுதான் கடைசி” என்றார்.

பிறகு கேட்டார்: “மத்த பக்கமெல்லாம் சரியா சார்?”

புள்ளிகளைக் காட்டச் சொன்னேன். என் பகுதியில் மொத்தம் ஐந்து. ஒன்று ஆதித்யா. இரண்டாவது, சந்திரயானின் ஊர்தி நிலவில் ‘பதினான்கு நிலவு நாட்கள்’ வேலை செய்ய வடிவமைக்கப்பட்டது என்று நான் எழுதியிருந்தது. நிலவில் ஒரு பகல் என்பதே நம் கணக்கில் பதினான்கு நாள். பகலும் இரவும் சேர்ந்த பதினான்கு நிலவு நாள் என்றால் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. தப்பு. மூன்றாவது, பாலைவனத்தில் இறங்கிய அந்த மண்ணை ஓரிடத்தில் சிறுகோளின் மண் என்றும், இன்னோரிடத்தில் வால்மீனின் துகள் என்றும் எழுதியிருந்தேன். சிறுகோள்தான் சரி. இதுவும் தப்பு. ரவிக்கைத் துணியை எடுத்து முகத்தை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது.

நான்காவது, வியாழனின் நிலாக்களை நோக்கி ஏப்ரலில் கிளம்பிய கலம் போய்ச் சேர எட்டு வருடம் ஆகும் என்பது. “எட்டு வருசமா சார்? நெஜமாவா?” நிஜம்தான். அப்பாடா என்று இருந்தது. எப்படிச் சுற்றிச் சுற்றிப் போகிறது என்று கையை ஆட்டி விளக்கினேன். மூன்று நாளில் முதல்முறையாக என் குரலில் ஆசிரியர்த் தோரணை வந்தது.

அந்தத் தோரணை இறங்குவதற்குள் ஐந்தாவது புள்ளி. கால வரிசை அட்டவணை. ஆகஸ்ட் 23 சந்திரயான் இறங்கியது, ஆகஸ்ட் 29 லூனா மோதியது, செப்டம்பர் 2 ஆதித்யா கிளம்பியது.

“ரஷ்யாவோடது மொதல்ல விழுந்துச்சி, அப்பறம்தான நம்மளுது எறங்குச்சி?” என்றார் ஸ்டெல்லா. “ஞாயித்துக்கிழம பூச முடிஞ்சி வெளிய வந்தா எல்லாரும் அதான் பேசிக்கினு இருந்தாங்க. ரஷ்யாவோடதே விழுந்துடுச்சே, நம்மளுது என்னாவுமோன்னு. இருவத்தொம்போது வேளாங்கண்ணி கொடியேத்தம் சார். அன்னிக்கி நாங்க அங்க நிக்கறோம். நடந்து போனோம். கௌம்பறதுக்கு முன்னாடியே விழுந்துடுச்சி.”

வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். என் கைபேசியில் சிக்னல் இல்லை. “வேளாங்கண்ணிக்கும் விண்வெளிக்கும் என்னம்மா சம்பந்தம்? தேதி வரிசையா போட்டிருக்கேன் பாருங்க, 23, 29, 2. இது சரிதான்” என்றேன். புத்தகம் சரியா என்று பார்க்க அந்தப் புத்தகத்தையே பார்த்தேன் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஸ்டெல்லா புள்ளியை அழிக்கவில்லை.

கைபேசியை என் முன்னால் நீட்டி, “நீங்களே சொல்லிடுங்க சார். நான் சொன்னா, மொதல்ல வேற சொன்னீங்களேக்கான்னு குழம்புவாங்க” என்றார். என் பெயரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன். மூன்று இடங்களில் தப்பாக எழுதியது நான்தான், அச்சுக்கூடத்தின் குற்றம் இல்லை என்று சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவர் இயந்திரத்தை மிதிக்கவில்லை. எடுத்து வந்த சீட்டுகளில் மிச்சம் இருந்ததை அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டு ஆட்டோ ஏறினேன். ஓட்டுநர் காத்திருந்ததற்குத் தனியாகக் கேட்டார். கேட்டதைக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை கோவையில் என் காபியை, என் தண்ணீரில் போட்டதை, நிம்மதியாகக் குடித்துக்கொண்டிருந்தபோது கிள்ளையிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது.

“சார், ஸ்டெல்லா பேசறேன். எக்ஸாம் முடிஞ்சிது. ஆதித்யா வர்ல. கால வரிசைதான் வந்துச்சி. ரஷ்யாவோடது மொதல்ல, நம்மளுது ரெண்டாவதுன்னு போட்டேன். நீங்க சொன்னத போடல. அன்னிக்கி நீங்க கௌம்பின ஒடனே குரூப்புக்கும் அப்பிடித்தான் வாய்ஸ் போட்டேன், சார் வரிசையில தப்பு பண்றாருன்னு. கோச்சிக்காதீங்க சார்.”

கோபம் வந்தது, மறைக்கவில்லை. மெனக்கெட்டு அவ்வளவு தூரம் போய், உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கொடுத்தவன் பேச்சை இப்படியா தூக்கிப் போடுவது? கடைசி வாய்ப்பையும் கெடுத்துக்கொண்டாரே என்று மனைவியிடம் கத்தினேன். அவள், “தேதிய ஒருக்கா பாத்துட்டுக் கத்துங்க” என்றாள். பார்த்தேன். லூனா மோதியது ஆகஸ்ட் 19. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை செய்தி வந்திருக்கிறது. சந்திரயான் இறங்கியது புதன்கிழமை. நான் 19-ஐ 29 ஆக்கி எழுதியிருக்கிறேன்.

என் பேச்சைக் கேட்டிருந்தால் இந்த முறையும் அவருக்கு ஒரே ஒரு கேள்வியில் போயிருக்கும். அவரோடு அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்த எல்லோருக்கும் போயிருக்கும். கைபேசியை எடுத்து, ‘நீங்கள் போட்டதுதான் சரி. நான் சொன்னது தப்பு’ என்று எழுதி அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. பின்னணியில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. “தெரியும் சார். ரிசல்ட் வந்தா சொல்றேன். அடுத்த புக்கு எழுதினீங்கன்னா, அச்சுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு ஜெராக்ஸ் அனுப்புங்க.”